துருக்கியக் கதையைத் தமிழ் வகுப்பில் சொல்வது: செயற்கை நுண்ணறிவை எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது

மொரீசியசில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் நடக்கின்றன. தமிழோ பாடவேளைகளிலும், கோவிலில் நடக்கும் வகுப்புகளிலும், காவடித் திருநாளை ஒட்டிய நாள்களிலும் மட்டுமே அவர்கள் காதில் விழுகிறது. இப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல விரும்பும் ஆசிரியருக்கும் வீட்டுப் பெரியவருக்கும், துருக்கிய மரபுக் கதைகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தமிழில் ஆயத்தம் செய்யும் வழியை இங்கே எழுதுகிறேன்.

துருக்கியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் 'மசல்' என்று அழைக்கப்படும் இக்கதைகள், திரும்பத் திரும்ப வரும் வாய்பாட்டுத் தொடர்களால் கட்டப்பட்டவை. ஒரே வாக்கியம் மூன்று இடங்களில் மாறாமல் வரும்போது, தமிழ் குறைவாகத் தெரிந்த பிள்ளையும் மூன்றாம் முறை நம்மோடு சேர்ந்து அதைச் சொல்லிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மொழிபெயர்ப்பிலும் சுருக்கத்திலும் நம் உழைப்பை வெகுவாகக் குறைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தொடர்களுக்காக இக்கதைகளை எடுத்தோமோ, அந்தத் தொடர்களையே அவை 'கூறியது கூறல்' என்று கருதி முதலில் வெட்டுகின்றன. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி, இயந்திரத்தை எழுத வைப்பதில் இல்லை. அது எதைத் தொடக்கூடாது என்று வரையறுப்பதில் இருக்கிறது.

மூலக் கதையை நீங்களே கொடுங்கள்

'ஒரு துருக்கியக் கதை சொல்' என்று சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற எந்தச் செயலியிடம் கேட்டாலும் அது தயங்காமல் ஒன்றைச் சொல்லும். அரண்மனை, மாயக் கம்பளம், ஞானமுள்ள கிழவர், இறுதியில் ஒரு நீதி என்று எல்லாம் அதில் இருக்கும்; ஆனால் துருக்கியின் பெரும்பகுதியான அனதோலியாவில் எந்தப் பாட்டியும் அப்படியொரு கதையைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. மொழி மாதிரி என்பது அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் படித்துக் காட்டுவதில்லை. தான் பயின்ற ஏராளமான எழுத்தைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்துணுக்கு எது என்று கணித்துக் கணித்தே அது வாக்கியத்தைக் கட்டுகிறது. அதனால் கீழைநாட்டுக் கதைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றின் சராசரியே நம் கைக்கு வருகிறது. 'இது எந்த ஊர்க் கதை, எந்தத் தொகுப்பில் உள்ளது' என்று கேட்டால் அதற்கும் ஒரு விடையைப் புனைந்து தரக்கூடும் என்பதால், அதனிடமே சரிபார்த்துக்கொள்வதில் பொருளில்லை.

மூலம் தேடுவது கடினமன்று. ஹங்கேரிய அறிஞர் இக்னாட்ஸ் கூனோஷ் (1860–1945) 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கியில் தங்கி, மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளை எழுதியெடுத்தார். அவற்றுள் 44 கதைகள் கொண்ட ஆங்கிலப் பதிப்பு 1913இல் வெளியானது. பழைய நூலாதலால் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் துருக்கிய வாய்மொழிக் கதைகளுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் உள்ளது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கே கிடைக்கின்றன. ஒரு கதை துருக்கியில் உண்மையிலேயே வழங்குவதா என்ற ஐயம் எழுந்தால், பெர்தெவ் நைலி போராதாவும் வோல்ஃப்ராம் எபர்ஹார்டும் 1953இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பட்டியலே இன்றும் பலர் நாடும் துணை. அது 378 கதை வகைகளை எண்ணிட்டு அடுக்கியிருக்கிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்ற மொரீசியஸ் ஆசிரியருக்கு மூலத்தைப் படிப்பதில் பெரிய இடையூறு இருக்காது. ஒரு முறையேனும் முழுக்கதையை நீங்களே படித்துவிட்டுத்தான் செயலியைத் திறக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன்.

நஸ்ருதீன் ஹோஜாவின் நகைச்சுவைத் துணுக்குகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சொல்லும் மரபு துருக்கி உள்ளிட்ட பல நாடுகளின் பெயரில் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செயலிகள் ஹோஜாவை மசல் கதைகளுக்குள்ளும் இழுத்துவந்து விடுவதுண்டு. அவரை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எலும்பை மட்டும் எடுப்பது

மூலக் கதையைச் செயலியில் ஒட்டிய பிறகு, உடனே 'தமிழில் எழுது' என்று கேட்காதீர்கள். முதலில் கதையின் எலும்பை மட்டும் கேளுங்கள். கட்டளையை இவ்வாறு எழுதலாம்: "கீழே உள்ள கதையின் நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல், ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரியாகத் தமிழில் எழுது. உரையில் இல்லாத எதையும் சேர்க்காதே. மூன்று முறை நடப்பதை மூன்று முறையும் எழுது. திரும்ப வரும் வாக்கியங்களைத் தனியே குறித்துக் காட்டு. நீதி சொல்லாதே."

தொடக்கத்துக்குக் கெலோலன் கதை ஒன்று பொருத்தமானது. கெலோலன் துருக்கியக் கதைகளின் வழுக்கைத் தலைச் சிறுவன். பெரும்பாலும் ஏழைத் தாயின் ஒரே மகன். சோம்பேறி என்று ஊர் சிரிக்கும், ஆனால் கடைசியில் பாதிஷா எனப்படும் பேரரசரையும் பூதத்தையும் ஏமாற்றுகிறவன் அவன்தான். நம் பிள்ளைகள் கிரியோல் கதைகளில் கேட்டிருக்கும் திஜானுக்கு அவன் தூரத்து உறவு போலத் தோன்றுவான். பல வடிவங்களில் வழங்கும் ஒரு கதையில் அவனுக்கு முதலில் ஓர் உணவு விரிப்புக் கிடைக்கிறது, "விரி, விரிப்பே, விரி!" என்றால் சோறும் கறியும் வந்து நிறைகின்றன. அதை ஒருவர் திருடிக்கொண்டு போலியை வைத்துவிடுகிறார். அடுத்துக் கிடைக்கும் பொன் தரும் கழுதைக்கும் அதே கதிதான். மூன்றாவதாக வருவது ஒரு தடி, "அடி, தடியே, அடி!" என்றதும் அது திருடரை விளாசி, போன பொருள்களையெல்லாம் மீட்டுத் தருகிறது.

இந்தக் கதையின் எலும்பைக் கேட்டால், இரண்டாவது திருட்டை 'இதுபோலவே கழுதையும் திருடப்பட்டது' என்று செயலி ஒரே வரியில் முடித்துவிடும். கட்டுரைக்கு அது போதும், கதைக்குப் போதாது. முதல் திருட்டை விவரித்த அதே சொற்களால் இரண்டாவதும் விவரிக்கப்பட்டால்தான், மூன்றாம் முறை கெலோலன் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது பிள்ளைகள் முன்கூட்டியே சிரிப்பார்கள். விடுபட்டதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன், எலும்பை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறெங்கே விரைந்தாலும் இந்த ஒப்பீட்டில் மட்டும் அவசரம் கூடாது.

வாய்பாட்டைக் காப்பது

மசல் கதையின் வாசல் 'தெகெர்லெமே' எனப்படும் அபத்த முன்னுரை. தமிழில் அதை இப்படிச் சொல்லலாம்:

"ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். முன்னொரு காலம் காலத்துக்குள்ளே, சல்லடை வைக்கோலுக்குள்ளே, ஒட்டகம் தண்டோராப் போட்டபோது, தெள்ளுப்பூச்சி நாவிதம் செய்தபோது, நான் என் அம்மாவின் தொட்டிலைத் தடக்கு மடக்கென்று ஆட்டியபோது…"

பிள்ளை தாயின் தொட்டிலை ஆட்டுகிறது என்ற இடத்தில்தான் இதன் சுவையே இருக்கிறது. செயலியோ அதைப் பிழை என்று எண்ணி, 'என் அம்மா என் தொட்டிலை ஆட்டியபோது' என்று திருத்திவிடக்கூடும். இனி வரப்போவது நம் உலகத்தின் கணக்குக்கு உட்படாது என்று கேட்பவரை எச்சரிப்பதே முன்னுரையின் வேலையாதலால், அதைச் சீர்செய்தால் கதையின் கதவே அடைபட்டுப் போகும். முன்னுரையை நீங்களே ஒரு முறை நன்றாக எழுதி, 'இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கதையின் தொடக்கத்தில் வை' என்று கட்டளையிடுங்கள். பயண வாய்பாட்டுக்கும் இதே நெறிதான்: "கொஞ்சம் போனானாம், நெடுகப் போனானாம், ஓடை மேடு பாராமல் நேராகப் போனானாம், ஆறு மாதமும் ஓர் இலையுதிர் காலமும் போனானாம், திரும்பிப் பார்த்தால் ஒரு வாற்கோதுமை நீளம்தான் போயிருந்தானாம்." கெலோலன் புறப்படும் ஒவ்வொரு முறையும் இது முழுமையாக வர வேண்டும்.

இவ்வாக்கியங்களெல்லாம் 'ஆம்' என்று முடிவதற்கும் காரணம் உண்டு. துருக்கியக் கதைசொல்லி, தான் நேரில் காணாமல் கேள்விப்பட்டதைச் சொல்வதற்கென்று அம்மொழியில் உள்ள வினைமுடிவிலேயே கதை முழுவதையும் நடத்துகிறார். தமிழ்ப் பாட்டியும் 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம்' என்றுதான் சொல்வார். செயலிகள் தமிழில் எழுதும்போது இதை விட்டுவிட்டு 'இருந்தார், சென்றார், கண்டார்' என்று செய்தி அறிக்கை போல எழுதுகின்றன. கதைப்பகுதி முழுவதும் 'ஆம்' என்று முடிய வேண்டும், உரையாடல் மட்டும் நேராக இருக்க வேண்டும் என்று கட்டளையில் தெளிவாகச் சொல்லுங்கள். நாலைந்து பத்திகளுக்குப் பிறகு அது மறந்துவிட்டால் மீண்டும் நினைவூட்டுங்கள்.

செயலியின் தமிழில் ஆங்கிலத்தின் சாயல் படிந்திருப்பதற்கு, அது பயின்ற எழுத்தில் தமிழின் பங்கு மிகச் சிறிது என்பதே முதன்மையான காரணம். தமிழ்ச் சொற்களை அது ஆங்கிலச் சொற்களைவிடக் கூடுதலான துணுக்குகளாக உடைத்தே கையாள்வதால், நீண்ட கதையை ஒரே மூச்சில் கேட்டால் பிற்பகுதி வற்றிப்போவதும் உண்டு. காட்சி காட்சியாகக் கேட்டு வாங்குவது நல்லது. வந்ததைத் திருத்தும்போது முதலில் உணர்ச்சி வருணனைகளைக் களையுங்கள். 'கெலோலன் ஆழ்ந்த மூச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு, தன் இதயத்தில் நம்பிக்கை மலர்வதை உணர்ந்தான்' என்று செயலி எழுதினால், மசல் மரபில் அதற்கு இடமே இல்லை. அங்கே யாரும் உணர்வதில்லை; செய்கிறார்கள். 'கெலோலன் தடியை எடுத்தானாம், தோளிலே வைத்தானாம், வந்த வழியே திரும்பினானாம்' என்பது போதும். இத்தகைய குறுந்தொடர்களையே, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையும் பின்தொடர முடியும். அவர்களுடைய பாடநூலின் சொற்பட்டியலைச் செயலிக்குக் கொடுத்து, 'இவற்றுக்கு வெளியே உள்ள சொற்களை மட்டும் அடிக்கோடிடு' என்று கேட்பது நல்ல உத்தி. எளிமையாக்கும் பொறுப்பை அதனிடம் விடாமல், அடிக்கோடிட்டவற்றுள் எதை வைப்பது, எதை மாற்றுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஊர்ப்படுத்துவதில் நான் சற்றுக் கண்டிப்பானவன். பாதிஷாவைச் சோழ அரசனாக்குவதும், கதை முடிவில் வானத்திலிருந்து விழும் ஆப்பிளை லிச்சிப் பழமாக்குவதும் வேண்டாம். காஃப் என்ற மாய மலையும் சூம்ருடு அன்கா என்ற மாயப் பறவையும் பிள்ளைகளுக்குப் புதியவையாக இருப்பதே நல்லது.

அடிமைப் பெண் வரும் கதைகள்

மொரீசியசில் துருக்கியக் கதை சொல்பவர் தவிர்க்க முடியாத ஒரு சிக்கல் உண்டு. கூனோஷ் தொகுப்பில் மூன்று ஆரஞ்சுப் பழங்களிலிருந்து தேவதைப் பெண்கள் வெளிப்படும் அழகான கதை ஒன்று இருக்கிறது. பழத்தை வெட்டியதும் வெளியே வரும் பெண் தண்ணீர் கேட்கிறாள். தண்ணீர் இல்லாததால் முதல் இருவரும் இறக்கிறார்கள். மூன்றாமவள் நீர்நிலையருகே பிழைத்துக்கொள்கிறாள். அவளை மரத்தில் அமர்த்திவிட்டு இளவரசன் போன பிறகு, அவளை வஞ்சித்து அவள் இடத்தைப் பிடித்துக்கொள்பவள் ஒரு கறுப்பு அடிமைப் பெண். இக்கதை மட்டுமன்று, பொய் மணப்பெண்ணாக அடிமைப் பெண் வரும் கதைகள் துருக்கியில் வேறு சிலவும் உள்ளன. ஒட்டோமான் வீடுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இருந்தார்கள் என்பதன் சுவடு அது.

மொரீசியசில் அடிமை முறை 1835இல் ஒழிக்கப்பட்டது. பிப்ரவரி 1ஆம் நாள் அதன் நினைவாக விடுமுறை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும், ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நாட்டில், கறுப்பு நிறத்தையும் வஞ்சகத்தையும் ஒன்றாக முடிச்சுப்போடும் கதையை அப்படியே சொல்ல முடியாது. செயலி இதில் இரண்டு விதமாகத் தவறும். சில வேளைகளில் யோசனையின்றி அப்படியே மொழிபெயர்த்துத் தரும். சில வேளைகளில் உங்களிடம் சொல்லாமலேயே அந்தப் பாத்திரத்தை நீக்கிவிட்டு, கதை ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்றே புரியாதபடி செய்துவிடும். முதலாவதைவிட இரண்டாவதே கூடுதல் தொல்லை, ஏனெனில் மாற்றம் நடந்ததே நமக்குத் தெரிவதில்லை.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, எலும்பு எடுக்கும்போதே 'நிறம், அடிமை நிலை, மதம், உடற்குறை ஆகியவற்றை இழிவோடு இணைக்கும் இடங்களை மாற்றாமல் பட்டியலிடு' என்று கேட்பதாகும். பிறகு மாற்றத்தை நீங்கள் செய்யுங்கள். ஆரஞ்சுக் கதையில் பொய் மணப்பெண்ணுக்கு நிறமும் அடிமைத்தனமும் வேண்டியதில்லை. தண்ணீர் எடுக்க வந்தவள், நீரில் தெரிந்த தேவதையின் நிழலைத் தன் முகம் என்று எண்ணி மயங்கியவள் என்ற அளவே கதையை நடத்தப் போதுமானது. மேல்வகுப்பு மாணவர்களாக இருந்தால், மாற்றியதை மறைக்காமல் மூலத்தில் என்ன இருந்தது என்று சொல்லிப் பேசவைக்கலாம். அவர்கள் கூர்மையாகவே பேசுவார்கள். கெலோலனின் வழுக்கையை மட்டும் நீக்க வேண்டாம். ஊர் சிரிக்கும் தலை அது. ஆனால் வெல்லும் தலையும் அதுவே. இளவரசர்கள் கூட மாறுவேடம் பூண வேண்டியபோது ஆட்டின் இரைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கெலோலனாகத் திரிவது துருக்கியக் கதைகளில் வழக்கம்.

தண்டனை முடிவுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். "நாற்பது கோவேறு கழுதை வேண்டுமா, நாற்பது வெட்டுக்கத்தி வேண்டுமா?" என்று பாதிஷா குற்றவாளியைக் கேட்பார். எதைத் தேர்ந்தாலும் சாவுதான். செயலி இதைப் பெரும்பாலும் மன்னிப்பாகவும் கூட்டு விருந்தாகவும் மாற்ற முயலும். கேள்வியை வைத்துக்கொண்டு, அதன் பின் நடப்பதை விவரிக்காமல் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சொல்லும் நேரத்தில்

கதை ஆயத்தமானதும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். செயலியின் குரலில் கதையை ஒலிக்க விடுவது எளிது. ஆனால் அந்தக் குரல் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வேகத்தை மாற்றாது. அதை உங்கள் ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: எழுதியதை அது படிக்கக் கேட்டால், எந்த வாக்கியம் மூச்சுக்கு மீறி நீள்கிறது என்பது தெரிந்துவிடும்.

துருக்கியில் இருந்த கதைசொல்லல் முறைகளுள் இரண்டு நமக்கு உதவும். மசல் கதைகளைப் பெரும்பாலும் பெண்கள் குளிர்கால இரவுகளில் வீட்டுக்குள் சொன்னார்கள். காப்பிக் கடைகளில் கூட்டத்துக்குச் சொன்னவர்கள் 'மெத்தாஹ்' எனப்பட்ட ஆண் கலைஞர்கள்; அவர்களுடைய கலை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மெத்தாஹ் கையில் ஒரு தடியும் ஒரு கைக்குட்டையும் மட்டுமே இருக்கும். தடி தரையில் தட்டப்படும்போது கதவாகும், குதிரையாகும். கைக்குட்டை வாயை மறைக்கும்போது குரல் மாறும். கெலோலன் கதைக்கு இந்த இரண்டுமே போதும்.

கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும் என்ற நம் பழைய வழக்கத்தை முதலிலேயே பழக்குங்கள். மொரீசியஸ் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது, 'சிரான்தான்?' என்று விடுகதை போடுபவர் கேட்டால் 'சாம்பெக்!' என்று குரல் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். 'விரி, விரிப்பே' என்று நீங்கள் தொடங்கி நிறுத்தினால், 'விரி!' என்று வகுப்பு முடிக்க வேண்டும். முடிவில் வானத்திலிருந்து மூன்று ஆப்பிள்கள் விழும்: ஒன்று கதை சொன்னவருக்கு, ஒன்று கேட்டவருக்கு. மூன்றாவது யாருக்கு என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும் இடம். அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால், தமிழில் ஒரு வாக்கியமாவது எல்லாரும் சொந்தமாகச் சொல்வார்கள்.

படம் வேண்டுமென்றால், படம் வரையும் செயலியிடம் கெலோலனுக்குத் தலையில் முடி இல்லை என்றும், இடம் பாலைவனமன்று, குளிர் மிகுந்த அனதோலியக் கிராமம் என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தலைப்பாகையும் மணல்மேடுமாக வந்து நிற்கும். பிள்ளைகளின் பெயர், குரல், ஒளிப்படம் எதையும் செயலிக்குள் இடாதீர்கள். தனிநபர் தரவைக் காக்க மொரீசியசில் 2017ஆம் ஆண்டின் சட்டம் உண்டு என்பது ஒருபுறமிருக்க, கதை சொல்வதற்கு அவை தேவையும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் கதையை ஒரு கோப்பில் சேமியுங்கள். மூலம் எது, செயலியிடம் கொடுத்த கட்டளை எது, நீங்கள் மாற்றிய இடங்கள் எவை என்று மேலே எழுதிவையுங்கள். அடுத்த ஆசிரியர் உங்கள் மாற்றத்தைத் துருக்கிய மரபு என்று எண்ணிவிடாமல் அது தடுக்கும். பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்போது கதையில் சேர்த்தவற்றையும், கிரியோல் கலந்தே இருந்தாலும், அவர்கள் சொன்னபடியே கீழே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைத் திருத்தச் சொல்லிச் செயலியிடம் கொடுக்க வேண்டாம்.